பிளாஸ்டிக் பெட்டியில் பாம்பு வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரித்தானியாவில் கார்ன் ஸ்னேக், ராயல் பைத்தான் என்னும் நஞ்சற்ற பாம்புகளை வளர்க்கத் தொடங்குவோரில் பலர், சாமான்கள் அடுக்கி வைக்கும் மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியில்தான் குட்டியை முதலில் வைக்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை. விலை குறைவு, கழுவுவது எளிது, உள்ளே ஈரப்பதம் நிற்கும், திறந்த வெளியைக் கண்டு மிரளும் குட்டிக்கு அது அடக்கமான இடமாகவும் அமையும். ஆனால் புதியவர்கள் அமைத்து வைத்திருக்கும் பெட்டிகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம், நாங்கள் தொடங்கிய காலத்தில் நடந்த அதே பிழைகள் அச்சுப் பிசகாமல் திரும்ப வருவதைக் காண்கிறேன். தண்ணீர் வையுங்கள், மூடியை மூடுங்கள் என்ற அளவிலான அறிவுரைகளை இங்கே எழுதப் போவதில்லை. பார்ப்பதற்குச் சரியாகத் தெரிந்தும் பாம்பின் உடலைக் கெடுக்கும் தவறுகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்போர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். கீழே எழுதியிருப்பது கூண்டில் பிறந்து வளர்ந்த அந்த இரு வெளிநாட்டு இனங்களைப் பற்றி மட்டுமே.

லிட்டர் கணக்கைப் பார்த்துப் பெட்டி வாங்குவது

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் லிட்டர் அளவு, பாம்புக்குக் கிடைக்கும் இடத்தைச் சொல்வதில்லை. இங்கே பலரும் வாங்கும் ‘ரியலி யூஸ்ஃபுல்’ என்ற பெயர்கொண்ட பெட்டிகளில் 33 லிட்டருக்கும் 64 லிட்டருக்கும் அடிப்பரப்பு ஒன்றுதான். இரண்டுமே சுமார் 71 சென்டிமீட்டர் நீளமும் 44 சென்டிமீட்டர் அகலமும் கொண்டவை. கூடுதலாகப் பணம் கொடுத்து வாங்குவது உயரத்தை மட்டுமே. ஏறி விளையாடும் கார்ன் ஸ்னேக்குக்கு அந்த உயரம் பயன்படும். பெரும்பாலும் தரையிலேயே கிடக்கும் ராயல் பைத்தானுக்கு அடிப்பரப்பே முதன்மையானது. ஆகவே கடைக்குப் போகும்போது அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள்.

பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணையும் பாருங்கள். 5 என்றிருந்தால் அது பாலிபுரோப்பிலீன். வளைந்து கொடுக்கும், துளையிட்டாலும் தாங்கும். 6 என்றிருந்தால் பாலிஸ்டைரீன். கண்ணாடி போலப் பளிச்சென்று இருந்தாலும் துளையிடும்போதே விரிசல் விட்டு, கூரிய விளிம்புகளை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும்.

முட்டையிலிருந்து வந்து சில மாதங்களே ஆன கார்ன் ஸ்னேக் குட்டிக்கு 9 லிட்டர் பெட்டி போதும். பெரிய பெட்டியில் விட்டால் குட்டி சாப்பிடாது என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். என் அனுபவத்தில் குட்டியை அச்சுறுத்துவது பெட்டியின் அளவு அல்ல, அதன் வெறுமை. சூடான முனையில் ஒன்றும் குளிர்ந்த முனையில் ஒன்றுமாக உடலை ஒட்டி அணைக்கும் இரண்டு மறைவிடங்களை வைத்து, இடையே காகிதச் சுருள்களையும் செயற்கை இலைகளையும் நிரப்பிவிட்டால், பெரிய பெட்டியிலும் குட்டி தயங்காமல் இரை எடுக்கிறது.

மூடியின் இரு முனைப் பூட்டுகளை நம்புவது

பல பெட்டிகளில் பூட்டும் கைப்பிடிகள் குறுகிய பக்கங்களில் மட்டுமே இருக்கும். நீண்ட பக்கத்தின் நடுவில் மூடியை மேல்நோக்கித் தள்ளினால் அது வில்லாக வளைகிறது. பென்சில் பருமனே உள்ள கார்ன் ஸ்னேக் குட்டி இரவு முழுவதும் மூடியின் விளிம்பை மூக்கால் தடவிக்கொண்டே சுற்றும். எந்த இடம் நெகிழ்கிறதோ அந்த இடத்தை அது கட்டாயம் கண்டுபிடித்துவிடும். பெட்டியை வாங்கியதும் மூடியைப் பூட்டி, நடு விளிம்பைச் சுண்டுவிரலால் நெம்பிப் பாருங்கள். விரல் நுனி நுழைந்தால் குட்டியின் தலையும் நுழையும். இரு நீண்ட பக்கங்களிலும் காகிதக் கட்டுகளைக் கவ்வும் இறுக்கமான கிளிப்புகளைப் போடுங்கள், அல்லது பெட்டியைச் சுற்றிப் பட்டை கட்டுங்கள். மூடிமேல் புத்தகங்களை அடுக்கிவைப்பது தீர்வாகாது. பாரம் நடுவில் அழுத்த, விளிம்புகள் மேலும் எழும்பிக்கொள்ளும்.

தெர்மோஸ்டாட்டின் உணர்முனையைப் பெட்டிக்குள் போடுவது

இந்த ஒரு தவறைப் பற்றித்தான் நான் முதன்மையாக எழுத வந்தேன். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் இது நிற்பதில்லை; ஒவ்வொரு முறையும் விலை கொடுப்பது பாம்புதான் என்பதால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஹீட் மேட்டை (பெட்டியின் அடியில் வைத்துச் சூடேற்றும் மெல்லிய மின்தகடு), தெர்மோஸ்டாட் (வெப்பத்தை அளந்து மேட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் இயக்கக் கூடாது என்பது இப்போது பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கிறது. எனவே மேட்டோடு தெர்மோஸ்டாட்டையும் வாங்கிவிடுகிறார்கள். பிறகு, பாம்பு இருக்குமிடத்தின் வெப்பத்தைத்தானே அளக்க வேண்டும் என்று எண்ணி, கம்பியின் நுனியிலுள்ள உணர்முனையைப் பெட்டிக்குள் விட்டு, மரச்சீவலின் மேல் வைத்துவிடுகிறார்கள். அந்த எண்ணம் நியாயமாகத் தோன்றுவதுதான் இதன் ஆபத்து.

உணர்முனை தன்னைத் தொடும் இடத்தின் வெப்பத்தை மட்டுமே அறியும். சென்ற குளிர்காலத்தில் ஒரு மாணவர் தம் கார்ன் ஸ்னேக்கின் வயிற்றில் ஏதோ சிவந்திருக்கிறது என்று என்னை அழைத்தார். பெட்டியில் ஐந்து சென்டிமீட்டர் தடிமனுக்கு ஆஸ்பென் மரச்சீவல், அதன்மேல் உணர்முனை, தெர்மோஸ்டாட்டில் 30 டிகிரி. மேலே அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டினால் 27 என்றது. சீவலை விலக்கிப் பிளாஸ்டிக் தரையில் காட்டியபோது 44 என்றது. மரச்சீவல் சூட்டைத் தடுத்து நிறுத்தியதால் மேலேயிருந்த உணர்முனை 30 டிகிரியை எட்டவே இல்லை. எட்டாததால் தெர்மோஸ்டாட் மேட்டை ஒரு நொடியும் அணைக்கவில்லை. கார்ன் ஸ்னேக்கோ சீவலைக் குடைந்து அடித்தரைக்குப் போய்ப் படுக்கும் உயிரினம். பாம்பைக் கையில் எடுத்துத் திருப்பினோம். உடலின் நடுப்பகுதியில் ஒரு கை நீளத்துக்கு வயிற்றுச் செதில்கள் பழுப்பேறி, ஓரங்களில் நீர்கோத்து எழும்பியிருந்தன.

சுட்டால் பாம்பு விலகிப் போய்விடாதா என்று கேட்பார்கள். தரையிலிருந்து மெல்ல ஏறும் சூட்டுக்குப் பாம்புகள் நாம் எதிர்பார்க்கும் வேகத்தில் விலகுவதில்லை. குளிர்ந்த அறையில் அவற்றுக்குக் கிடைத்த ஒரே சூடு அதுவாக இருந்தால் தீக்காயம் ஏறும்வரை அங்கேயே கிடக்கின்றன. அந்தப் பாம்பு பிழைத்தது. ஆனால் கால்நடை மருத்துவர், நுண்ணுயிர்க்கொல்லி ஊசி, தினமும் மருந்துக் களிம்பு, காகித விரிப்பு என்று மாதக்கணக்கில் சென்றது. பல முறை சட்டை உரித்த பிறகும் அந்தச் செதில்கள் கோணலாகவே நிற்கின்றன.

தடித்த விரிப்பு ஒரு வழி என்றால், வேறு இரண்டு வழிகளிலும் இதே கேடு வருகிறது. பாம்பு நகரும்போது உணர்முனையைக் குளிர்ந்த முனைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அல்லது தண்ணீரோ சிறுநீரோ பட்டு உணர்முனை நனைந்துவிடும். நனைந்தது உலரும்போது குளிரும்; தெர்மோஸ்டாட், பெட்டி குளிர்ந்துவிட்டது என்று முடிவுசெய்து மேட்டை முழு வீச்சில் இயக்கும். நீங்கள் அப்போது வேலையில் இருப்பீர்கள், அல்லது உறங்கிக்கொண்டிருப்பீர்கள்.

சரியான முறை இதுதான். ஹீட் மேட், பெட்டிக்கு வெளியே, அடியில், தரையின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மூட வேண்டும். உணர்முனை மேட்டுக்கும் பெட்டியின் அடிக்கும் இடையே இருக்க வேண்டும். வழுக்கி வெளியே வராதபடி அதை மேட்டோடு சேர்த்து நாடாவால் இறுக ஒட்டுங்கள். பாம்பு ஒரே இடத்தில் சுருண்டு படுத்து அடியில் சூட்டைத் தேக்கினாலும் அங்கிருக்கும் உணர்முனை அதை உடனே அறியும். பெட்டியின் நான்கு மூலைகளிலும் சிறு கட்டைகளைக் கொடுத்து, மேட்டுக்கும் அலமாரிக்கும் இடையே காற்றோட ஒரு சந்து விடுங்கள்.

அடுத்து, பிளாஸ்டிக் தரையின் உட்புறத்தை, விரிப்பு எதுவும் இல்லாமல், அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பாருங்கள். கார்ன் ஸ்னேக்குக்கு 29 முதல் 30 டிகிரி, ராயல் பைத்தானுக்கு 31 முதல் 32 டிகிரி வரும்வரை தெர்மோஸ்டாட்டைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். பிளாஸ்டிக்கின் தடிமன் கொஞ்சம் சூட்டை விழுங்குவதால், தெர்மோஸ்டாட் காட்டும் எண் உள்தரையின் எண்ணைவிட ஓரிரு டிகிரி கூடுதலாக இருக்கலாம். நீங்கள் நம்ப வேண்டியது உள்தரையின் எண்ணை மட்டுமே. பெட்டிக்கு வெளியே நின்று சுவர் வழியாக அளந்தால் அந்தக் கருவி பிளாஸ்டிக் சுவரின் வெப்பத்தைத்தான் சொல்லும். மூடியைத் திறந்துதான் அளக்க வேண்டும். பாம்பு வருவதற்கு முன் பெட்டியை இரண்டு நாள்களாவது வெறுமனே ஓடவிட்டு, பகலிலும் இரவிலும் அளந்து பாருங்கள். மேட் உள்ள பக்கத்தில் விரிப்பை மெல்லியதாகவும், குடைந்து படுக்க வேண்டிய தடித்த விரிப்பைக் குளிர்ந்த பக்கத்திலும் போடுங்கள்.

ஹீட் மேட் தரையைச் சூடாக்குமே தவிரக் காற்றைச் சூடாக்காது. சனவரியில் அறை 15 டிகிரிக்கு இறங்குமானால் தெர்மோஸ்டாட்டைக் கூட்டாதீர்கள், அறையைச் சூடாக்குங்கள்.

துளைகளை எண்ணிப் போடுவது

எத்தனை காற்றுத் துளைகள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எண்ணிக்கைக்கு விதி கிடையாது. உங்கள் அறையின் ஈரத்தைப் பொறுத்தது அது. இரு எதிர்ப் பக்கங்களிலும், ஒன்றில் தாழ்வாகவும் மற்றதில் உயரமாகவும், ஒவ்வொரு வரிசை போட்டுவிட்டு ஈரப்பதமானியைக் குளிர்ந்த முனையில் வைத்துச் சில நாள்கள் கவனியுங்கள். காலையில் சுவரில் நீர் முத்துகள் நின்றால் இன்னொரு வரிசை சேருங்கள். துளையைக் கூட்டுவது எளிது, அடைப்பது கடினம். காற்றில்லாத ஈரப் பெட்டியில் கார்ன் ஸ்னேக்குக்கு வயிற்றுச் செதில் அழுகலும், வாயைத் திறந்து மூச்சுவிடும் சளி நோயும் வருகின்றன. மறுபுறம், அளவுக்கு மீறித் துளைத்த பெட்டியில் ராயல் பைத்தானின் சட்டை துண்டு துண்டாக உரிந்து, கண்ணை மூடியிருக்கும் பழைய தோல் உரியாமல் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. அதற்கு 55 முதல் 65 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும்.

சால்டரிங் அயர்ன் என்னும் மின் சூட்டுக்கோலால் துளைப்பதாக இருந்தால் திறந்த வெளியில் செய்யுங்கள், அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள். உள்ளிருந்து வெளியே துளையுங்கள். அப்போதுதான் உருகி எழும்பும் பிசிறு வெளிப்புறம் நிற்கும். குட்டியின் பெட்டியில் துளை மூன்று மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம்.

உட்புறத்தில் ஒட்டுநாடா

ஒருபோதும் கூடாது, பாம்பு அதில் ஒட்டிக்கொண்டால் செதிலோடு தோலும் சேர்ந்து உரிந்து வரும்.

சன்னல் ஓரம்

மூடிய பெட்டியில் நேர்வெயில் பட்டால், இங்கிலாந்தின் ஏப்ரல் மாதத்தில்கூடப் பாம்பு இறந்துபோகும்.

தண்ணீர்க் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்புவது

சட்டை உரிக்கும் காலத்தில் பாம்பு கிண்ணத்துக்குள் சுருண்டு படுக்கும். அதன் உடல் பருமனுக்குத் தண்ணீர் வழிந்து விரிப்பு முழுவதும் நனையும். ஈரமான ஆஸ்பென் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். கனமான கிண்ணத்தில் பாதியளவு தண்ணீரை ஊற்றிக் குளிர்ந்த முனையில் வையுங்கள்.

வளர்ந்த பாம்பையும் அதே பெட்டியில் வைத்திருப்பது

வளர்ந்த கார்ன் ஸ்னேக் பொதுவாக 120 முதல் 150 சென்டிமீட்டர் வரை இருக்கும். முன்பு சொன்ன 71க்கு 44 பெட்டியில், மூலைக்கு மூலை அளந்தாலும் 84 சென்டிமீட்டரைத் தாண்டாது. அதில் வாழும் பாம்பு ஒருநாளும் தன் உடலை நேராக நீட்ட முடியாது. இனப்பெருக்கம் செய்து விற்போர் வளர்ந்த பாம்புகளை இழுப்பறைகளில் வரிசையாக வைத்திருப்பதைக் காட்டி, அவை நன்றாக உண்டு முட்டையிடுகின்றனவே என்று வாதிடுவோர் உண்டு. உண்பதும் முட்டையிடுவதும் நலத்துக்குப் போதிய சான்று என்பதை நான் ஏற்கவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், தகுந்த சூழலையும் இயல்பான நடத்தைக்கு வாய்ப்பையும் தருவதை வளர்ப்பவரின் கடமையாகவே வைத்திருக்கிறது. பாம்பின் நீளம் பெட்டியின் மூலைவிட்டத்தை எட்டும் முன்பே, அது முழுதாக நீண்டு படுக்கவும் ஏறவும் இடமுள்ள கூண்டுக்குப் பணம் சேர்த்துவிடுங்கள்.

பழைய பெட்டியை வீசிவிட வேண்டாம். அடுத்து வாங்கும் பாம்பை மற்றவற்றோடு ஒரே அறையில் சேர்க்காமல், காகித விரிப்பில் சில மாதங்கள் தனியே வைத்து, உண்ணிகள் உண்டா, எச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதைவிட வசதியானது வேறில்லை.