வெளிநாட்டுச் சிறு பார்சலும் எதிர்பாராத சுங்கக் கட்டணமும்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

வெளிநாட்டு இணையக் கடையில் ஒரு சிறிய பொருளை வாங்கி, விலையையும் அனுப்பும் செலவையும் முழுவதும் கட்டிவிட்ட பிறகு, கூரியர் நிறுவனத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி வருகிறது: பார்சல் சுங்கத்தில் இருக்கிறது, இன்ன தொகையைக் கட்டினால்தான் விடுவிக்கப்படும். அந்தத் தொகை சில வேளைகளில் பொருளின் விலையையே நெருங்கிவிடுகிறது. வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பிள்ளைக்குக் கோல்கீப்பர் கையுறை, காசிமேட்டில் தூண்டில் போடுபவரின் ரீலுக்குள் போகும் பேரிங், வண்ணாரப்பேட்டை வீடொன்றில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய தையல் இயந்திரத்துக்கு ஓர் உதிரிப்பாகம் என்று, உள்ளூர்க் கடைகளில் தேடிக் கிடைக்காத பொருளைத்தான் பெரும்பாலும் இப்படி வாங்குகிறோம். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து வாங்குபவர்களுக்கு இந்த இரண்டாவது கட்டணம் பெரிய அடி. இதைத் தவிர்க்கவோ குறைக்கவோ முடியும். ஆனால் அதற்கான நேரம் பார்சல் கிளம்பிய பிறகு அல்ல, ஆர்டர் போடுவதற்கு முன்புதான்.

முதலில், கேட்கப்படும் தொகையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஒரு பகுதி அரசுக்குப் போகும் வரி. மற்றது, அந்த வரியை உங்கள் சார்பில் கட்டி, ஆவணங்களைத் தாக்கல் செய்து, பார்சலை வெளியே எடுத்ததற்காகக் கூரியர் நிறுவனம் தனக்கென்று வாங்கும் கட்டணம். மக்கள் மொத்தத்தையும் 'டூட்டி' என்று சொல்லி அரசைத் திட்டுகிறார்கள். சிறிய பார்சல்களில் உண்மையாகவே வலிப்பது பெரும்பாலும் இரண்டாவது பகுதிதான். வரி, பொருளின் மதிப்போடு சேர்ந்து கூடும், குறையும். கூரியர் கட்டணத்துக்கோ பொதுவாக ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு. ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருளில் அது கண்ணில் படாது, இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளில் கழுத்தைப் பிடிக்கும்.

வரிக் கணக்கு இப்படிப் போகிறது. சொந்த உபயோகத்துக்காகத் தபாலிலோ விமானத்திலோ வரவழைக்கும் பொருள்களுக்குச் சுங்கக் கட்டண அட்டவணையின் 98-ஆம் அத்தியாயத்தில் 9804 என்ற தனித் தலைப்பு இருக்கிறது. அதன்படி முதலில் அடிப்படைச் சுங்க வரி. அந்த வரித் தொகையின் மேல் 10 விழுக்காடு சமூக நலக் கூடுதல் வரி. பிறகு பொருளின் மதிப்பையும் இவ்விரண்டையும் கூட்டி வரும் தொகையின் மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடப்படும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி. வரியின் மேல் வரி ஏறுவதால்தான் கடைசித் தொகை நாம் மனத்தில் போட்ட கணக்கைத் தாண்டிவிடுகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: வரி போடப்படும் மதிப்பு, பொருளின் விலை மட்டும் அல்ல. அனுப்பும் செலவும் காப்பீடும் அதில் சேரும். விமானத்தில் வரும் பொருளுக்கு, அனுப்பும் செலவாகச் சேர்க்கப்படும் தொகை பொருள் விலையில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும், காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் 1.125 விழுக்காடு சேர்க்கப்படும் என்றும் 2007-ஆம் ஆண்டின் மதிப்பீட்டு விதிகள் சொல்கின்றன. டாலரை ரூபாயாக்குவதும் உங்கள் வங்கி அட்டையில் பிடித்த விலையில் அல்ல, சுங்கத்துறை தனியாக அறிவிக்கும் மாற்று விகிதத்தில்தான்.

கையுறையையே எடுத்துக்கொள்வோம். விலை 2,000 ரூபாய், அனுப்பும் செலவு 400 ரூபாய். காப்பீடாக 22 ரூபாய் 50 காசு சேர்த்தால் மதிப்பு 2,422 ரூபாய் 50 காசு. அடிப்படை வரி 10 விழுக்காடு, ஐஜிஎஸ்டி 18 விழுக்காடு என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், அடிப்படை வரி சுமார் 242, கூடுதல் வரி 24, ஐஜிஎஸ்டி 484, ஆக மொத்தம் ஏறக்குறைய 750 ரூபாய். கூரியர் நிறுவனத்தின் குறைந்தபட்சக் கட்டணம் 700 ரூபாய் என்று கொண்டால், அதற்கும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து 826 ரூபாய். வரியைவிட வரி கட்டிக் கொடுத்த கூலி அதிகம். கடையில் 2,400 ரூபாய் என்று காட்டிய பொருள் வீட்டுக்கு வரும்போது 3,976 ரூபாய் ஆகிறது. வங்கி அட்டையில் அயல்நாட்டுப் பரிவர்த்தனைக்குப் பிடிக்கும் தொகை இதற்கும் மேல். வரி விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியவை, 9804 தலைப்பில் அடிப்படை வரி 35 விழுக்காடாக இருந்த காலமும் உண்டு. ஆகவே வாங்கும் நாளில் நடப்பில் உள்ள விகிதத்தைப் போட்டு இதே கணக்கைச் செய்ய வேண்டும். கட்ட வேண்டிய வரி 100 ரூபாய் அல்லது அதற்குக் கீழே இருந்தால் அதை வசூலிக்க வேண்டியதில்லை என்று சுங்கச் சட்டத்தின் 25(6) பிரிவு சொல்கிறது. ஆனால் மேலே கொண்ட விகிதத்தில் பார்த்தால், அனுப்பும் செலவையும் சேர்த்துச் சுமார் 320 ரூபாய்க்குள் இருக்கும் பொருளுக்குத்தான் அந்தச் சலுகை எட்டும்.

எனவே ஆர்டர் போடும் பக்கத்தில் விலையைப் பார்ப்பதைவிட, எந்த வழியில் அனுப்புகிறார்கள் என்பதைப் பார்ப்பதுதான் முக்கியம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். சாதாரண வெளிநாட்டுத் தபாலில் வந்தால் பார்சல் இந்தியத் தபால் துறையின் கைக்கு வரும். வெளிநாட்டுத் தபால்களைக் கையாளும் தபால் நிலையத்திலேயே சுங்க அதிகாரி மதிப்பிடுவார். தபால் துறை வாங்கும் கையாளும் கட்டணம் தனியார் கூரியரோடு ஒப்பிட்டால் சிறியது. நாள் அதிகம் பிடிக்கும், வழியில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதும் கடினம். அவசரமில்லாத, விலை குறைந்த பொருளுக்கு இதுவே ஏற்ற வழி. தனியார் கூரியர் வேகமானது. அந்த வேகத்துக்கு உரிய விலையைப் பார்சல் வந்த பிறகு கேட்பார்கள். மூன்றாவதாக, வரியையும் சேர்த்து விற்பவரே வசூலித்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. கடைகள் இதை டிடிபி என்று குறிப்பிடும். டிஏபி அல்லது டிடியு என்று இருந்தால் வரி உங்கள் தலையில் என்று பொருள். எதுவும் குறிப்பிடாவிட்டால், 'இந்தியாவில் கட்ட வேண்டிய சுங்க வரியும் கூரியரின் கையாளும் கட்டணமும் இந்த விலையில் அடங்குமா, எந்த நிறுவனத்தின் மூலம் அனுப்புவீர்கள்' என்று விற்பவருக்கு எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகே பணம் கட்ட வேண்டும். அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள், பின்னால் தகராறு வந்தால் அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

'பரிசு' என்று எழுதி அனுப்பட்டுமா, விலையைக் குறைத்துப் போடட்டுமா என்று சில விற்பனையாளர்கள் தாங்களாகவே கேட்பார்கள். ஒப்புக்கொள்ளவே கூடாது. பரிசு என்று சொல்லிச் சலுகை கோரி வரும் பார்சல்களுக்கு 2019 டிசம்பரிலேயே தடை வந்துவிட்டது. உயிர்காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக்கும் மட்டுமே விலக்கு. உரிய வரியை முழுவதும் கட்டினால் பரிசுப் பொருளையும் பெறலாம், ஆனால் அந்தச் சொல்லால் ஒரு ரூபாயும் குறையாது. விலையைக் குறைத்துக் காட்டினாலோ, அதிகாரி அதை ஏற்காமல் தாமே மதிப்பிடலாம், அபராதமும் போடலாம், பொருளைப் பறிமுதலும் செய்யலாம். சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் 'இங்கே இந்தத் தொகை வரைக்கும் டூட்டியே கிடையாது' என்று சொல்வதையும் நம்பி வாங்க வேண்டாம். அவர் சொல்வது அந்த நாட்டுக்குள் வரும் பார்சலுக்கான விதி.

சில பொருள்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. மின்சிகரெட்டுக்கு 2019 முதலும், முழுமையாகச் செய்து வரும் ட்ரோன்களுக்கு 2022 பிப்ரவரி முதலும் இறக்குமதித் தடை இருக்கிறது. செடி, விதை போன்றவற்றுக்கு அனுமதிச் சான்று வேண்டும். கடைக்கோ தொழிலுக்கோ வாங்குபவர்கள், உதாரணமாக எம்.சி. ரோட்டில் தையற்கடை வைத்திருப்பவர், சொந்த உபயோகம் என்று எழுதக் கூடாது. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெற்று முறைப்படி வரவழைக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்குக் கட்டிய ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளும் வசதியும் அப்போது கிடைக்கும்.

ஆர்டர் போடும்போது பெயரையும் முகவரியையும் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே எழுதுங்கள். சிறிய விஷயமாகத் தோன்றும் இதில்தான் பல பார்சல்கள் முடங்கிக் கிடக்கின்றன. கூரியரில் வரும் பொருளை விடுவிக்க, கேஒய்சி எனப்படும், பெறுபவரின் அடையாளச் சான்று தேவை. நம் ஊரில் ஆதாரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கும். பான் அட்டையில் தந்தை பெயர் முழுவதும் விரிந்து நிற்கும். வெளிநாட்டுக் கடையின் படிவமோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டி நிரப்பச் சொல்லும். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று எழுதினால் ஆவணம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள், தாமதமாகும் நாள்களுக்குக் கிடங்கு வாடகையும் ஏறலாம். வாடகை வீடு மாறி, ஆதாரில் ராயபுரம் முகவரியும் பார்சலில் கொடுங்கையூர் முகவரியும் இருந்தால், தற்போதைய முகவரிக்கான சான்று ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுவது தபால்காரருக்கும் உதவியாக இருக்கும்.

பார்சல் சுங்கத்தில் நிற்கிறது என்று தெரிந்ததும், கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி ராஜாஜி சாலையில் இருக்கும் சுங்க இல்லத்துக்கு நேரே போய்விடலாம் என்று வடசென்னைக்காரர்களுக்குத் தோன்றுவது இயல்பு. அங்கே போய்ப் பயன் இல்லை. அது துறைமுகச் சரக்குக்கான இடம். விமானச் சரக்கின் சுங்கப் பணி மீனம்பாக்கத்தில் நடக்கிறது, கூரியர் பார்சலோ டெல்லியிலோ மும்பையிலோ முதலில் இறங்கி அங்கேயே மதிப்பிடப்பட்டிருக்கலாம். கூரியர் நிறுவனத்தின் அதிகாரபூர்வ தளத்தில் கண்காணிப்பு எண்ணைப் போட்டுப் பார்ப்பதே சரியான முதல் அடி. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட வேண்டாம், ஏனெனில் பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிப் பணம் பறிக்கும் மோசடி நாடெங்கும் நடக்கிறது. சுங்க அதிகாரி எவரும் கைப்பேசியில் அழைத்துத் தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்ல மாட்டார். துறையின் கடிதங்களில் டின் எனப்படும் ஆவண அடையாள எண் இருக்கும், அதை மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.

தபாலில் வரும் பார்சலில் வேறு ஒரு சிக்கல். தபால்காரர் பகலில் வருவார். வரித் தொகையைக் கொடுத்தால்தான் பார்சலைக் கொடுப்பார். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு விஷயம் தெரியாவிட்டால், 'நாங்க ஒண்ணும் வாங்கலையே' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லி, பணத்தையும் கொடுத்து வையுங்கள், ரசீது வாங்கவும் சொல்லுங்கள்.

கேட்கும் தொகை அதிகம் என்று தோன்றினால், கட்டுவதற்கு முன்பே கூரியர் நிறுவனத்திடம் சுங்கத்தில் தாக்கல் செய்த இறக்குமதிப் பட்டியலின் ('பில் ஆஃப் என்ட்ரி') நகலையும், தங்கள் கட்டணத்தின் விவரப் பட்டியலையும் எழுத்தில் கேளுங்கள். அதில் மூன்றைச் சரிபாருங்கள்: மதிப்பு நீங்கள் கட்டிய விலையோடு ஒத்துப்போகிறதா, பொருள் சரியான தலைப்பின் கீழ் காட்டப்பட்டிருக்கிறதா, நிறுவனத்தின் கட்டணம் அவர்கள் தளத்தில் அறிவித்த விகிதத்தில் இருக்கிறதா. மதிப்பு தவறாக இருந்தால் கடையின் பில்லையும் வங்கிக் கணக்கில் பணம் கழிந்த சான்றையும் அனுப்பித் திருத்தச் சொல்ல வேண்டும். பொருள் வெளியே வருவதற்கு முன் திருத்துவது எளிது, பிறகு கடினம். எப்படிப் பார்த்தாலும் கட்டுப்படியாகாது என்றால், சுங்கம் விடுவிக்கும் உத்தரவுக்கு முன்பே பொருளின் மீதான உரிமையைக் கைவிடுவதாக எழுதிக் கொடுக்கலாம். சுங்கச் சட்டத்தின் 23(2) பிரிவின்படி அப்போது வரி கட்ட வேண்டியதில்லை, பொருளின் விலை திரும்புமா என்பது விற்பவரின் விதியைப் பொறுத்தது. கட்டிய பிறகு தவறு தெரிந்தால், மதிப்பீட்டை எதிர்த்து 60 நாள்களுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் முறையிடலாம், கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்க 27-ஆம் பிரிவு ஓராண்டு அவகாசம் தருகிறது. இவை எல்லாவற்றுக்கும் கடையின் பில், வரி ரசீது, இறக்குமதிப் பட்டியலின் நகல் மூன்றும் தேவைப்படும் என்பதால், பொருள் கைக்கு வந்ததும் அட்டைப்பெட்டியோடு சேர்த்து அவற்றைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.