சட்டச் சுவருக்குள் ஃபோம் அடிக்க எந்தச் சாமான் வாங்குவது?

யாழ்ப்பாணத்தில் வீடு என்றால் சீமெந்துக் கல், இல்லாவிட்டால் பழைய சுண்ணக்கல். அந்தச் சுவருக்குள் ஃபோம் (அடித்ததும் பொங்கி இறுகி வெப்பத்தை மறிக்கும் நுரை) அடிக்க இடமே இல்லை. ஆனால் மேல்மாடியில் பாரம் கூடக்கூடாது என்று இரும்புச் சட்டம் நிறுத்தி, வெளியே சீமெந்துப் பலகையும் உள்ளே ஜிப்சம் பலகையும் அடித்து அறை எடுப்பவர்கள் இப்போது இருக்கிறார்கள். சித்திரை வெயிலில், பின்னேரம் நாலு மணிக்கு அந்த அறையின் மேற்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், ஏசி ஏன் நிற்காமல் ஓடுகிறது என்று விளங்கும். சட்டங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தை நிரப்பப் போகிறவர்களுக்குத்தான் இது. கூரை வெறும் தகரமாக இருந்தால் முதலில் கூரையைப் பாருங்கள், சுவர் அப்புறம்.

1. அளவெடுங்கள்

ஃபோமுக்கு ‘போர்ட் ஃபுட்’ என்று ஒரு கணக்கு உண்டு: ஒரு சதுர அடி பரப்பு, ஓர் அங்குலத் தடிப்பு. வெயில் படும் சுவர் இரண்டு, ஒவ்வொன்றும் 12 அடி நீளம், 10 அடி உயரம் என்றால் 240 சதுர அடி. இரண்டு அங்குலம் அடித்தால் 480. வாங்கும் ஃபோம் பெட்டியில் 600 போர்ட் ஃபுட் என்று போட்டிருந்தால் அது எல்லாம் சரியாக அமைந்தால் வரும் அளவு. கை பழகாதவர் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். அப்போது 600 பெட்டி மட்டுமட்டாகப் போதும்.

2. எந்த ஃபோம்?

ஓப்பின் செல் (குமிழ்கள் திறந்திருக்கும் ஃபோம்) மென்மையானது, கன மீற்றருக்கு 8 கிலோ அளவு. குளோஸ்ட் செல் (குமிழ்கள் மூடியிருப்பது) இறுக்கமானது, 32 கிலோ அளவு. ஒரே தடிப்பில் இரண்டாவதுதான் வெப்பத்தை நன்றாக மறிக்கும், ஈரக்காற்றையும் உள்ளே விடாது. கடலோரத்தில் ஏசி அறைக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

3. சாமான்

கடையில் கிடைக்கும் 750 மில்லி ஃபோம் டின், ஜன்னல் நிலையைச் சுற்றியுள்ள இடைவெளிக்கு. அது காற்றிலுள்ள ஈரத்தில்தான் இறுகும். ஆழமாக அடைத்தால் நடுவில் பச்சையாகவே கிடக்கும்.

பெரிய மெஷின் இரண்டு ட்ரம் இரசாயனத்தையும் சூடாக்கி, ஆயிரம் பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) மேல் அழுத்தி அடிக்கும். அதோடு கொம்பிரசரும் சேர்ந்தால் வீட்டுக்கு வழமையாக வரும் 30 அம்பியர் இணைப்பு தாங்காது. தொழிலாகச் செய்பவருக்குச் சரி, ஓர் அறைக்கு வீண்செலவு. ரொறன்ரோவிலிருந்து மச்சான் பழைய மெஷின் அனுப்புவதாகச் சொன்னால், தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்.

நமக்கு ஏற்றது இரட்டைச் சிலிண்டர் செற். ஒன்றில் ஐசோசயனேற், மற்றதில் பொலியோல்; இந்த இரண்டு இரசாயனமும் கலந்தால்தான் ஃபோம். இரண்டு குழாயும் கன்னுக்கு (கையில் பிடித்து அடிக்கும் துப்பாக்கி) வந்து நொசிலுக்குள் கலக்கும். மின்சாரம் தேவையில்லை. வாங்கும்போது காலாவதித் திகதியைப் பாருங்கள், மேலதிக நொசில்களும் வாங்குங்கள். நான் முதல் தடவை அடிக்கும்போது போன் வந்தது. கன்னை வைத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசித் திரும்பினால் நொசில் கல்லாகிக் கிடந்தது. நிறுத்தினால் அரை நிமிடம்தான் கணக்கு. சிலிண்டரைத் தகரக் கொட்டிலில் வைக்காதீர்கள். அடிக்கும்போது இரசாயனம் 21 முதல் 30 பாகை செல்சியஸுக்குள் இருப்பது நல்லது.

4. முகமூடி

இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். ஐசோசயனேற் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். துணி மாஸ்க் எதற்கும் உதவாது. இரசாயன ஆவிக்கும் துகளுக்குமான வடிகட்டியுள்ள முழுமுக மாஸ்க், கையுறை, உடலை மூடும் உடுப்பு, எல்லாம் வேண்டும். வீட்டாரை ஒரு நாள் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

5. அட்டையில் அடித்துப் பாருங்கள்

சுவருக்குப் போக முன் ஒரு காட்போட் பெட்டிக்குள் இரண்டு செக்கன் அடியுங்கள். ஒரே நிறமாகப் பொங்கி, கொஞ்ச நேரத்தில் விரல் நகம் பதியாத அளவுக்கு இறுகினால் கலவை சரி. கறுத்து, கண்ணாடிபோல நொறுங்கினால் ஐசோசயனேற் கூடிவிட்டது. பிசுபிசுத்தால் பொலியோல் கூடிவிட்டது. அநேகமாக ஒரு வால்வு முழுதாகத் திறந்திருக்காது, அல்லது ஒரு சிலிண்டர் முடிந்திருக்கும்.

ஒரே தடவையில் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். இறுகும்போது உள்ளே சூடேறும், தடிப்புக் கூடினால் கருகிப் பற்றவும் கூடும். ஆறிய பிறகு அடுத்த படை. பிறகு ஜிப்சம் பலகையால் மூடாமல் விடாதீர்கள், ஃபோம் எரியக்கூடியது.

மரச் சட்டம் என்றால் இன்னொரு விஷயம். எங்கள் தச்சர் ஒரு சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, உதுக்குள்ள கறையான் ஏறினா எப்பிடித் தெரியும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து கீழே ஆறு அங்குலம் ஃபோம் அடிக்காமல் விட்டு, அந்த இடத்தை மூடும் ஜிப்சம் பலகைத் துண்டை மட்டும், கழற்றிப் பார்க்கத் தக்கதாக, திருகாணியில் பூட்டுகிறேன்.