பள்ளம் காட்டும் கறுப்புத் தூவல்

கார்பன் ஃபைபர் பேனலுக்கான ப்ளக்கில் (மோல்டு எடுக்கச் செய்யும் மாதிரி உருவத்தில்) ப்ரைமர் காய்ந்ததும், கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட்டை ஒன்றரை அடி தள்ளிப் பிடித்து லேசாகத் தூவுங்கள். அது காய்ந்தபின் 320 எண் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, குறுக்கும் மறுக்குமாகத் தேயுங்கள். கறுப்பு தங்குகிற இடம் பள்ளம், பட்டி வையுங்கள். முதலில் ப்ரைமர் கிழிந்து அடித்தளம் தெரிகிற இடம் மேடு. மங்கலான ப்ரைமரில் கண்ணுக்குச் சிக்காத அலை, மோல்டு வழியாகப் பளபளப்பான கார்பனில் அப்பட்டமாகத் தெரியும். வெறும் விரலால் தேய்த்தால் பள்ளத்துக் கறுப்பும் போய்விடும், பயனில்லை. உள்வளைவுக்குப் பிவிசி குழாய்த் துண்டில் தாளைச் சுற்றலாம்.

பூச்சு போட்டு மூடாத தெர்மோகோல் மேல் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், கரைந்து குழி விழும். மோல்டு ஒட்டாமலிருக்க ப்ளக்கில் மெழுகு பூசிய பிறகும் கூடாது.