ஸ்ட்ரக்ட் அணியை நேட்டிவ் செயற்கூறுக்கு அனுப்பும் முறை

சி ஷார்ப்பிலிருந்து சி நூலகத்துக்கு (நேட்டிவ் பக்கம்) ஒற்றை ஸ்ட்ரக்டை, அதாவது பல புலங்களை ஒன்றாகக் கட்டிய தரவு வகையை, அனுப்பும்போது மறைந்து கிடக்கும் பிழை, அதையே அணியாக அனுப்பியவுடன் வெளியே வந்துவிடும். அணியின் உறுப்புகள் இடைவெளியின்றி அடுத்தடுத்து நிற்பதால், ஓர் உறுப்பின் அளவை இரு பக்கமும் வெவ்வேறாகக் கணக்கிட்டால் இரண்டாவது உறுப்பிலிருந்து எல்லாம் இடம் பிசகும்.

ஒரு வால்வின் நிலையைக் குறிக்கும் ஸ்ட்ரக்டில் வால்வின் எண்ணுக்கு ஓர் இன்ட் (முழு எண்) புலமும் அடுத்து இரண்டு பூல் (ஆம்/இல்லை) புலங்களும் இருப்பதாகக் கொள்வோம். சி பக்கத்தில் பூல் வழக்கமாக ஒரு பைட். ஆகவே 4, 1, 1, அளவைச் சீராக்கச் சேரும் வெற்று நிரப்பு 2 என மொத்தம் 8 பைட். சி ஷார்ப் இயங்கும் தளமான டாட்நெட்டோ, வேறு எதுவும் குறிப்பிடாதபோது, பூலை விண்டோஸ் வழக்கப்படி 4 பைட்டாக மாற்றி அனுப்புவதால் 12 பைட் ஆகிறது. விளைவாக, முதல் வால்வின் எண் சரியாக வரும். இரண்டாவது வால்வின் எண் இருக்க வேண்டிய இடத்தில் முதல் வால்வின் இரண்டாவது பூல், அதாவது 0 அல்லது 1, வந்து நிற்கும். இதைக் கண்டால் நூலகத்தைச் சந்தேகிக்கும் முன் அளவைச் சரிபாருங்கள். அதற்கு, நேட்டிவ் பக்கம் போகும் வடிவத்தின் அளவைச் சொல்லும் மார்ஷல் வகுப்பின் சைஸ்ஆஃப் வேண்டும். சி ஷார்ப் மொழியின் சைஸ்ஆஃப் இங்கும் 8 என்றே காட்டி ஏமாற்றிவிடும்.

ஒவ்வொரு பூலுக்கும் மார்ஷல்ஆஸ் பண்பில் யூ1 (ஒரு பைட்) எனக் குறித்தால் அளவு பொருந்தும். ஆனால் பூலை பைட் புலமாகவே அறிவிப்பதையே நான் பரிந்துரைப்பேன். அப்போது இரு பக்கத்து வடிவமும் ஒன்றாகிவிடுவதால், டாட்நெட் அணியை நகலெடுக்காமல், அழைப்பு முடியும்வரை இருந்த இடத்திலேயே நிறுத்திவைத்து முகவரியை மட்டும் தரும். பூலை வைத்துக்கொண்டால் நகல்தான் போகும். அந்த நகலில் நேட்டிவ் பக்கம் எழுதியது திரும்பி வர, அளபுருவின் முன் இன், அவுட் என்ற இரு பண்புகளையும் இட வேண்டும். இடாவிட்டால் எழுதியது ஓசையின்றித் தொலையும்.

அணியின் முகவரியான பாயின்டரைப் பார்த்து நீளத்தை அறிய சி செயற்கூறுக்கு வழியில்லை. எனவே எண்ணிக்கையைத் தனி அளபுருவாக அனுப்புங்கள். இன்னொரு அளவுச் சிக்கல்: சி மொழியின் லாங் என்ற முழு எண் வகை விண்டோஸில் 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8 பைட் என்பதால், நூலகத்தின் தலைப்புக் கோப்பு உங்கள் கையில் இருந்தால் அதிலுள்ள லாங்கை நிலையான அளவுள்ள வகைக்கு மாற்றிவிடுங்கள்.

அழைப்பு முடிந்த பின்னும் நூலகம் அந்த முகவரியை வைத்திருக்குமானால், மேற்சொன்ன நிறுத்திவைப்பு போதாது. நினைவகத்தைச் சுத்தம் செய்யும் கார்பேஜ் கலெக்டர் அணியை நகர்த்திவிடக்கூடும். டாட்நெட்டின் ஜிசிஹேண்டில் மூலம் பின்டு (நகராத) வகையில் அணியைப் பிடித்துவைத்து, நூலகம் அதை விட்டுவிட்டது என்று உறுதியான பிறகே ஃப்ரீ செய்யுங்கள்.