கூரைக்கு வெள்ளை அடிக்க முன்

மே மாதம் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கினால், திருகோணமலையில் சீற் போட்ட வீட்டுக்குள் மத்தியானம் இருக்கவே முடியாது. வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சு இதற்கு உண்மையாகவே உதவும். ஆனால் பிழையாக அடித்தால் காசும் போகும், சில வேளை உடம்பும் கெடும்.

பலரும் ஏமாறுவது பளபளப்பில்தான். தகரத்துக்குச் சில்வர் பெயின்ற் அடித்தால் வீடு குளிரும் என்று நினைக்கிறார்கள். உலோகம் வெயிலில் ஒரு பங்கைத் திருப்பும், சரி. ஆனால் உள்வாங்கிய சூட்டை இலகுவில் வெளியே விடாது. புத்தம் புதுத் தகரத்திலும் உச்சி வெயிலில் கை வைக்க முடியாதது அதனால்தான். சில்வர் பெயின்றிலும் உலோகத் தூள்தான் இருக்கிறது. கூரைக்கென்றே செய்த நல்ல வெள்ளைப் பூச்சு, புதிதில் வெயிலில் 80 சதவீதமளவு திருப்பும். மிச்சச் சூட்டையும் வானத்துக்கு விட்டுவிடும். வாங்கும்போது எவ்வளவு வெயிலைத் திருப்பும், எவ்வளவு சூட்டை வெளியே விடும் என்ற இரண்டு அளவையும் கேளுங்கள். வாளியில் ‘கூல்’ என்று எழுதியிருப்பது மட்டும் போதாது.

அடுத்தது ஆபத்தான பிழை. பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றில் பிடித்த பாசியைக் கம்பி பிரஷ்ஷால் காயக்காயத் தேய்ப்பார்கள், அல்லது பிரஷர் மெஷினால் அடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத நார்கள் கிளம்பி நுரையீரலுக்குள் போகும். புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடும். உடைந்து பொடியும் சீற்றைத் தொடவே வேண்டாம். நல்ல சீற் என்றாலும் இந்த வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். சீற்றின் மேல் ஏறி நடப்பதும் கூடாது, பழசு சட்டென்று உடையும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் அடித்தால் பூச்சு பிடிக்காது. கச்சான் வீசும் மத்தியானத்தில் அடித்தாலோ மேற்பக்கம் முதலில் காய்ந்து கொப்பளிக்கும். மாசி, பங்குனிக் காலைகள் தோது. கடலோரம் என்றால் உப்பைக் கழுவிக் காயவிட்டு அடியுங்கள். அப்புறம் மறந்துவிடவும் கூடாது: தூசும் பாசியும் படிந்தால் திருப்பும் திறன் குறையும், ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் கழுவ வேண்டும்.

கூரைக்குச் சரியென்பதால் வீதிக்கும் சரி என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம் 2020இல் வீதிகளுக்கு வெளிர் நிறப் பூச்சு அடித்துப் பார்த்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து அளந்தபோது, மத்தியான வேளையில் தார் வீதியைவிட மேற்பரப்பு ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறைந்திருந்தது. ஆனால் அதன் மேல் நிற்பவர் உணரும் வெப்பம் 3 பாகையளவு கூடியது; திரும்பிய வெயில் ஆளின் மேல்தான் விழுந்தது. ஆகவே சனம் நடக்கும் இடத்துக்கு மர நிழல்தான் வேண்டும். வீட்டிலும் இதே கணக்கு உண்டு: உங்கள் தாழ்ந்த கூரைக்குப் பக்கத்தில் அயலவரின் மேல்மாடி ஜன்னல் இருந்தால், கண் கூசும் மினுக்கம் இல்லாத மங்கல் பூச்சை வாங்குங்கள்.