பெஜோ 205 ஜிடிஐ: ரப்பரிலிருந்து தொடங்க வேண்டிய பராமரிப்பு

1984இல் பிரான்சின் பெஜோ நிறுவனம் 205 ஜிடிஐ காரை வெளியிட்டபோது அதில் இருந்தது 1580 சிசி (1.6 லிட்டர்) கொள்ளளவும் 105 குதிரைத்திறனும் கொண்ட எஞ்சின். 1986இல் அந்தத் திறன் 115ஆக உயர்ந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் 1905 சிசி, 130 குதிரைத்திறன் கொண்ட 1.9 வகையும் சேர்ந்துகொண்டது. 900 கிலோவுக்கும் குறைவான எடையுடைய காருக்கு இது தாராளமான ஆற்றல். 1994இல் ஜிடிஐயின் உற்பத்தி நின்றுவிட்டதால், கடைசியாக வெளிவந்த காரும் இன்று முப்பது வயதைக் கடந்துவிட்டது.

முப்பது வயதான காரைப் பிரான்சில் சேகரிப்பு வாகனமாகப் பதிவு செய்துகொண்டால், கட்டாயத் தொழில்நுட்பச் சோதனை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பதிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாகத் தளர்கிறது. பிரித்தானியாவில் நாற்பது வயதைக் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத காருக்கு ஆண்டுச் சோதனையே கட்டாயமில்லை. காருக்குக் கூடுதல் கவனம் தேவைப்படும் வயதில்தான் சட்டத்தின் கண்காணிப்பு குறைகிறது. அந்தக் கண்காணிப்பை உரிமையாளரே ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு என் பதில்: ரப்பர். இந்தக் காரின் இரும்பும் அலுமினியமும் பெரும்பாலும் நன்றாகவே தாக்குப்பிடிக்கின்றன. வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைந்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட், தண்ணீர்க் குழாய்கள், காற்றுக் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள், பிரேக் குழாய்கள், எஞ்சின் தாங்கிகள், பின் அச்சின் சீல்கள் ஆகியவைதான் ஓடிய தூரத்தைப் பொருட்படுத்தாமல் வயதால் கெடுகின்றன. ஓடோமீட்டரில் குறைந்த எண்ணைக் காட்டும் கார், கொட்டகையில் பல ஆண்டுகள் சும்மா நின்ற காராகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட காரில் ரப்பர் பாகங்கள் நாள்தோறும் ஓடிய காரில் இருப்பதைவிட மோசமான நிலையில் இருப்பது சாதாரணம். புதிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), தாழ்த்திய ஸ்பிரிங் போன்ற மாற்றங்களுக்குச் செலவிடுவதற்கு முன்னால் இந்தப் பாகங்கள் அனைத்தையும் புதிதாக்குவதே சரியான வரிசை.

வேலையைத் தொடங்குமுன்

நல்ல டார்க் ரெஞ்ச் (போல்ட்டை உரிய விசை அளவுக்கு இறுக்கும் கருவி), மில்லிமீட்டர் அளவு சாக்கெட் தொகுதி, இரண்டு ஜோடி ஆக்ஸில் ஸ்டாண்டுகள், மல்டிமீட்டர், காரின் தொழிற்கூடக் கையேடு ஆகியவை இல்லாமல் தொடங்க வேண்டாம். ஜாக்கி காரைத் தூக்குவதற்கு மட்டுமே உரியது. ஸ்டாண்டுகளில் உறுதியாக இறக்கி வைக்காத காரின் அடியில் தலையை நீட்டக் கூடாது. கதவுக்குக் கீழே உள்ள ஓரத் தகடு துருப்பிடித்திருந்தால் ஜாக்கி அதைப் பிளந்துகொண்டு மேலேறிவிடும் என்பதால், தூக்குமுன் அந்த இடத்தை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஒலிக்குப் பதிலாக மந்தமான ஒலி கேட்டால் முதல் வேலை வெல்டிங்தான்.

டைமிங் பெல்ட்

காரை வாங்கியவுடன், பெல்ட் மாற்றியதற்கான ரசீது கையில் இல்லையென்றால், அது மாற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். இந்த எட்டு வால்வு எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். எவ்வளவு குறைவாக ஓடினாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவதே பாதுகாப்பு. தண்ணீர் பம்பையும் இதே பெல்ட்தான் சுழற்றுகிறது. ஆகவே பம்பு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பெல்ட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பம்பு ஆறு மாதத்தில் ஒழுகத் தொடங்கினால் அத்தனை வேலையையும் மறுபடி செய்ய நேரும்.

காரின் வலப்புற முன்சக்கரத்தையும் அதன் உட்புறப் பாதுகாப்புத் தட்டையும் கழற்றினால் வேலை செய்ய இடம் கிடைக்கும். கேம்ஷாஃப்ட் சக்கரத்திலும், பிஸ்டன்களால் சுழலும் கிராங்க் தண்டின் புல்லியிலும் நிலையைப் பூட்டுவதற்கான துளைகள் உண்டு. உரிய ஊசிகளை அவற்றில் செருகினால் எஞ்சின் சரியான நிலையில் நிற்கும். ஆனால் அந்த ஊசிகள் நிலையைக் குறிப்பதற்கே உரியவை. மிக இறுக்கமான கிராங்க் போல்ட்டைக் கழற்றும் விசையை அவற்றின்மேல் செலுத்தினால் ஊசி வளையும், துளையும் சிதையும். ஊசிகளை எடுத்துவிட்டு, காரை ஐந்தாவது கியரில் வைத்து, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்க மற்றவர் போல்ட்டைத் தளர்த்துவது நல்லது. பிறகு நிலையை மீண்டும் சரிபார்த்து ஊசிகளைச் செருகலாம். புதிய பெல்ட்டைப் பூட்டிய பின், ஊசிகளை அகற்றிவிட்டு, ஸ்பேனரால் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றுங்கள். எங்காவது இடறினால் நிறுத்திவிட வேண்டும். இடறாமல் சுற்றி முடித்து, ஊசிகள் மறுபடியும் தம் துளைகளில் எளிதாக இறங்கினால்தான் சாவியைத் திருப்பலாம்.

குளிர்விப்பு

இந்த எஞ்சினின் பிளாக் அலுமினியம். அதனுள் நிற்கும், பிஸ்டன்கள் ஏறி இறங்கும் உருளைகளான லைனர்கள் வார்ப்பிரும்பு. குளிர்நீர் அந்த லைனர்களை நேரடியாகத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. இரண்டு உலோகங்களும் ஒரே நீரில் இருப்பதால், அரிப்புத் தடுப்பான் கலந்த கூலன்ட் இல்லாமல் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றுவது எஞ்சினை உள்ளிருந்து அரிக்க விடுவதாகும். கூலன்ட்டையும் வடிநீரையும் சம அளவில் கலந்து, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால், லைனர்களை உரிய கவ்விகளால் அழுத்திப் பிடிக்காமல் கிராங்கைச் சுற்றக் கூடாது. அவை அசைந்தால் அடிப்பகுதிச் சீல்கள் விலகி, தண்ணீர் எண்ணெயில் கலந்துவிடும்.

நிரப்பும்போது உள்ளே காற்று தங்குவதுதான் இந்தக் காரின் சூட்டுத் தொல்லைகளில் பலவற்றுக்குக் காரணம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டரின் மேற்புறம், ஹீட்டர் குழாய், தெர்மோஸ்டாட் கூடு ஆகிய இடங்களில் உள்ள காற்று வெளியேற்றும் திருகுகளைத் திறந்துவிடுங்கள். அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலை நிரப்பும் வாயில் கசியாதவாறு பொருத்தினால் நீர்மட்டம் எல்லாத் திருகுகளையும்விட உயரத்தில் இருக்கும். மெல்ல ஊற்றி, குமிழியின்றி நீர் வழியத் தொடங்கும் திருகை மட்டும் ஒவ்வொன்றாக மூடுங்கள். பிளாஸ்டிக் திருகுகள் வயதால் நொறுங்கும். விரல் விசைக்கு மேல் இறுக்க வேண்டாம். பிறகு ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் எஞ்சினை ஐடிலில் (தானாக மெதுவாக ஓடும் நிலையில்) விட்டு, மின்விசிறி தானாகச் சுழலும் வரை பக்கத்திலேயே இருந்து, வெப்பமானியின் முள்ளைக் கவனியுங்கள்.

ஏறி இறங்கும் ஐடில்

சிவப்பு விளக்கில் நிற்கும்போது எஞ்சின் வேகம் தானாக ஏறி இறங்குவது இந்தக் காரில் மிகவும் அறியப்பட்ட கோளாறு. பலர் உடனே காற்று அளவியைக் குற்றம் சொல்லி, அதன் மூடியைத் திறந்து உள்ளிருக்கும் பற்சக்கரத்தைத் திருப்பிவிடுகிறார்கள். அது வேண்டாத வேலை. போஷ் எல்-ஜெட்ரானிக் அமைப்பு, அளவி வழியாக வரும் காற்றை அளந்து, அதற்கேற்பப் பெட்ரோலைத் தெளிக்கிறது. அளவிக்குப் பின்னால் எங்கேனும் வெடிப்பு வழியாகக் காற்று நுழைந்தால், கணக்கில் வராத அந்தக் காற்று கலவையை மெலிதாக்கிவிடுகிறது.

ஒரு சிறு சோதனை போதும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறங்கள். எஞ்சின் தடுமாற வேண்டும், அல்லது அணைந்துவிட வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால் காற்று ஏற்கெனவே வேறெங்கோ புகுந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அளவிக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்சிலரேட்டரால் திறக்கும் காற்று வால்வு) இடையிலுள்ள மடிப்புக் குழாயைக் கழற்றி, மடிப்புகளை விரித்து, குறிப்பாக அடிப்புறத்தைப் பாருங்கள். மேலிருந்து கண்ணுக்குப் படாத வெடிப்பு அங்கேதான் இருக்கும். அடுத்து எண்ணெய் ஆவிக் குழாய்கள், இன்ஜெக்டர்களின் அடிச் சீல்கள், எண்ணெய் அளவுகோலின் மூடி ரப்பர் என வரிசையாகப் பாருங்கள். இவை அனைத்தையும் புதிதாக்கிய பிறகும் கோளாறு நீடித்தால் மட்டுமே அளவியின் உள்ளிருக்கும் கார்பன் தடம் தேய்ந்திருக்கிறதா என்று ஆராய வேண்டும்.

பெட்ரோல் குழாய்களில் சிக்கனம் கூடாது. இன்ஜெக்டர் குழாய்களில் 2.5 முதல் 3 பார் வரை அழுத்தம் இருக்கும்; சூடான எஞ்சினின்மேல் அது பீய்ச்சினால் சில நொடிகளில் தீப்பிடிக்கும். கார்புரேட்டர் கார்களுக்கான சாதாரணக் குழாயைத் தவிர்த்து, இன்ஜெக்‌ஷனுக்குரிய ஆர்9 தரக் குழாயையும் அதற்குரிய கவ்விகளையும் வாங்குங்கள். பேட்டரியின் இணைப்பை நீக்கி, எஞ்சின் ஆறிய பிறகு, துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு முதல் இணைப்பைத் தளர்த்துங்கள். பத்து விழுக்காடு எத்தனால் கலந்த இ10 பெட்ரோலை 2000க்குப் பிந்திய தன் கார்களுக்கே பெஜோ அனுமதிக்கிறது. பிரான்சில் எஸ்பி98, பிரித்தானியாவில் இ5 சூப்பர் ஆகியவற்றையே இந்தக் காருக்கு ஊற்றுவது நல்லது.

கியர் சரியாக விழாமல் நெம்பும் கார்களில் பெரும்பாலும் கியர்பாக்ஸில் குறை இருப்பதில்லை. அதை இயக்கும் கம்பிகளின் பிளாஸ்டிக் குமிழ் மூட்டுகள் தேய்ந்திருக்கும், அவற்றின் விலையும் குறைவு. ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி அழுத்தும்போது கார் குலுங்கினால், எஞ்சினின் பின்புறம் கீழே உள்ள தாங்கியின் ரப்பரைப் பாருங்கள்.

பிரேக்கும் டயரும்

பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிய டாட் 4 எண்ணெய் ஊற்ற வேண்டும். நெகிழ் குழாய்களை வளைத்துப் பார்த்து, நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலே மாற்றிவிடுங்கள். 1.9 வகையில் பின்புறமும் டிஸ்க் உண்டு. பேட்களை டிஸ்க்கின்மேல் அழுத்தும் அதன் காலிப்பரில் கைப்பிரேக் பொறியும் சேர்ந்திருப்பதால், புதிய பேட் போடும்போது பிஸ்டனை நேராக அழுத்தக் கூடாது. அழுத்தத்தோடு சுழற்றியே உள்ளே செலுத்த வேண்டும்.

1.6க்கு 185/60 ஆர்14, 1.9க்கு 185/55 ஆர்15 என்பவை தொழிற்சாலை டயர் அளவுகள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். ஆழமான பட்டைகள் இருந்தாலும் பத்து வயதான டயரைக் கழற்றிவிடுங்கள். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் இந்தக் காரின் பின்பகுதி வெளியே வீசும் இயல்புடையது. எனவே பிடிமானம் மிக்க டயர்கள் எப்போதும் பின்னால் இருக்க வேண்டும்.

பின் அச்சு

இந்தக் காரை வாங்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, சமதளத்தில் நிறுத்தி, சில அடி பின்னால் சென்று, பின்சக்கரங்களைப் பார்ப்பது. மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் அச்சு தேய்ந்துவிட்டது என்றே கொள்ளலாம். குறுக்கே ஓடும் ஒரு குழாயின் இரு முனைகளிலும் சக்கரக் கைகளின் தண்டுகள் ஊசி பேரிங்குகளின்மேல் அசைகின்றன. காரின் உடல் எடையை, முறுக்கப்படும்போது ஸ்பிரிங்காகச் செயல்படும் முறுக்குக் கம்பிகள் தாங்குகின்றன. முனைகளில் உள்ள ரப்பர் சீல் கெட்டால் நீர் உள்ளே போகிறது, கிரீஸ் கழுவப்படுகிறது, ஊசிகள் துருப்பிடித்துத் தண்டையே அரைக்கத் தொடங்குகின்றன. வேகத்தடைகளில் பின்னாலிருந்து கிரீச்சிடும் ஒலி வருவது இதன் தொடக்க அறிகுறி. அந்தக் கட்டத்திலேயே பிரித்தால் பேரிங்கும் சீலும் மாற்றுவதோடு போகும். தள்ளிப்போட்டால் தண்டும் போகும், கடைசியில் குழாயும் போகும்.

உறுதிசெய்ய, காரின் பின்பகுதியைத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் அது சக்கர பேரிங்கிலா, கை முழுவதிலுமா என்பதை இன்னொருவர் உள்ளிருந்து விளக்கடித்துப் பார்க்க வேண்டும்.

முறுக்குக் கம்பிகளை உருவ இழுப்புச் சுத்தியல் தேவை. தண்டுகளை ஏற்றி இறக்கப் பெரிய பிரஸ் தேவை. காரின் உயரத்தைத் தீர்மானிப்பது அந்தக் கம்பிகள் பற்களில் அமரும் இடம். ஆகவே அச்சைப் பிரித்துக் கோக்கும் வேலையை இதையே தொழிலாகச் செய்பவர்களிடம் விட்டுவிடுவதுதான் என் பரிந்துரை. அச்சைக் காரிலிருந்து இறக்குவதும் திரும்ப ஏற்றுவதும் வீட்டிலேயே செய்யக்கூடியவை. ஷாக் அப்சார்பர்களும் அச்சின்மேலேயே பொருத்தப்பட்டிருப்பதால் மொத்தமும் ஒரே தொகுதியாக இறங்கிவரும். கழற்றுமுன் சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரையுள்ள உயரத்தை இரு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிரேக் குழாய் இணைப்புகளையும் தாங்கி போல்ட்டுகளையும் சில நாள் முன்பிருந்தே ஊடுருவும் எண்ணெயில் ஊறவிடுங்கள். துருவேறிய குழாய் நட்டு முறுக்கும்போது குழாயோடு சேர்ந்து அறுந்துபோகும் வாய்ப்பு அதிகம், அதனால் புதிய குழாய்களை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. அச்சு வெளியே இருக்கும் நாட்களில், பொதுவாகக் கைக்கு எட்டாத அடித்தளத்தைச் சுரண்டி, துருவைப் போக்கி, மெழுகு பூசிவிடலாம்.

திரும்ப ஏற்றும்போது நான்கு ரப்பர் தாங்கிகளையும் புதிதாகவே போடுங்கள். பிரேக்கில் காற்றை முழுவதும் வெளியேற்றி, கைப்பிரேக் கேபிள்களைச் சரிசெய்து, காரைத் தரையில் இறக்கிய பிறகு தாங்கி போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். சிறிது தூரம் மெதுவாக ஓட்டித் திரும்பி, போல்ட்டுகளையும் குழாய் இணைப்புகளையும் மறுபடி பார்த்து, முன்பு குறித்த உயரத்தோடு இரு பக்கங்களையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் வெளிப்படையாகத் தாழ்ந்திருந்தால் முறுக்குக் கம்பி ஒரு பல் தள்ளி அமர்ந்திருக்கிறது. அச்சைப் புதுப்பித்தவரிடம் அந்த அளவுகளோடு திரும்பச் சென்று சரிசெய்து வாங்குங்கள்.