மாவைக் குறைத்துக் காய் சமைக்கும்போது எங்கே தவறுகிறோம்?

அத்தைக்குச் சர்க்கரை என்று தெரிந்து, தட்டில் களியையும் சோற்றையும் குறைக்கச் சொன்ன நாளில் நான் செய்த முதல் வேலை, வழக்கமான அவரைக்காய்ப் பொரியலையே மூன்று மடங்கு செய்தது. ஒரு கிண்ணம் நிறைய வைத்தேன். நாலு வாய் சாப்பிட்டுவிட்டு அத்தை கையை எடுத்துவிட்டார். "உப்புக் கரிக்குதும்மா. களி இல்லாம இதை எப்படித் தின்றது?"

உப்பு அளவாகத்தான் போட்டிருந்தேன். ஆனால் அது களிக்குத் தொட்டுக்கொள்கிற அளவு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் காய் என்றாலே 'தொட்டுக்க' தான். களிக்கும் சோற்றுக்கும் தனியாக உப்பு உறைப்பு கிடையாது. அவற்றுக்கும் சேர்த்துத்தான் பொரியலிலும் கடைசலிலும் உப்பு, மிளகாய், புளி எல்லாம் தூக்கலாக விழுகிறது. களியை எடுத்துவிட்டு அதே பொரியலை ஒரு கிண்ணம் சாப்பிடச் சொன்னால் நாக்கு ஒத்துக்கொள்ளாது. ரத்தக் கொதிப்பு இருப்பவருக்கு அவ்வளவு உப்பு நல்லதும் இல்லை. மாவுச்சத்து குறைந்த சமையலை ஆரம்பித்து ஒரே வாரத்தில் விட்டுவிடுகிற பல வீடுகளில் நான் பார்த்த முதல் காரணம் இதுதான். காய் மாறவில்லை, அளவு மட்டும் கூடியிருக்கும்.

தனியாகச் சாப்பிடப் போகிற காயைத் தனியாகச் சாப்பிடும் பக்குவத்தில் செய்ய வேண்டும். ஆளுக்குக் கால் கிலோவிலிருந்து 300 கிராம் வரை பச்சைக் காய் எடுங்கள், வதங்கினால் ஒரு நல்ல கிண்ணம் வரும். உப்பை நீங்கள் வழக்கமாகப் போடுவதில் பாதியில் தொடங்குங்கள். காய்ந்த மிளகாய் ஒன்று போதும். அந்த இடத்தை மற்றதால் நிரப்புங்கள்: இரண்டு கைப்பிடி தேங்காய்த் துருவல், ஒன்றிரண்டாக இடித்த வறுத்த வேர்க்கடலை, கொஞ்சம் எள்ளுப் பொடி, கடைசியில் எலுமிச்சைச் சாறு. தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் பேயெள்ளு என்கிற கறுப்பு எண்ணெய் வித்து கிடைத்தால் விடாதீர்கள். வறுத்துப் பூண்டோடு இடித்து முட்டைக்கோஸ் பொரியலில் தூவினால் அந்த மணத்துக்கு வேறு எதுவும் ஈடாகாது.

இன்னொன்று, வெறும் காய் வயிற்றில் நிற்காது. முட்டைக்கோஸை மட்டும் சாப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் பசிக்கும், பசித்ததும் கை முறுக்கு டப்பாவுக்குப் போகும். அதே பொரியலில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். அல்லது பன்னீரை உதிர்த்துப் போடுங்கள். பக்கத்தில் ஒரு கப் கெட்டித் தயிர் வையுங்கள். எண்ணெய்க்குப் பயந்து ஒரு சொட்டில் தாளித்து, மாவும் இல்லாமல் கொழுப்பும் இல்லாமல் புரதமும் இல்லாமல் சமைத்து வைத்தால் யாரால் தொடர முடியும்?

ராகி நல்லது, ஆனால் அது மாவுதான்

இதைச் சொன்னால் எங்கள் ஊரில் சண்டைக்கு வருவார்கள். ராகிக்குப் பேர்போன மண் இது. சர்க்கரை என்றதும் "சோத்த விட்டுட்டு களி தின்னு" என்றுதான் பக்கத்து வீட்டில் தொடங்கி எல்லோரும் சொல்கிறார்கள். ராகியில் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் அரிசியைவிட மிக அதிகம், சந்தேகமே இல்லை. ஆனால் 100 கிராம் பச்சரிசியில் 78 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருந்தால், ராகியில் ஏறக்குறைய 67 கிராம் இருக்கிறது. சாமையிலும் 65 கிராமுக்குக் குறைவில்லை. ஒரு பெரிய களி உருண்டை என்பது ஒரு தட்டு சோற்றுக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நாடு முழுவதும் நடத்திய சர்க்கரை நோய் ஆய்வான ஐசிஎம்ஆர்-இண்டியாபின் முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. நாம் சாப்பிடும் மொத்தக் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அதில் இருக்கிறது. அரிசி, மைதாவுக்குப் பதில் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறி, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் விட்டால் சர்க்கரை நோய்க்கான ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்பதும் அதில் சொன்னதுதான். அப்படியானால் களியை விட வேண்டுமா என்றால், வேண்டாம். உருண்டையைச் சிறியதாக்குங்கள். 'லோ கார்ப்' என்று நினைத்துக்கொண்டு ராகிப் பக்கோடாவும் சாமை முறுக்கும் ராகி பிஸ்கட்டும் வாங்கி வைப்பதைத்தான் விட வேண்டும். பல ராகி பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே மைதாவும் சர்க்கரையும் இருக்கும்.

கொள்ளும் இதே கதை. பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலேயே கொள்ளு ரகம் இருக்கும் அளவுக்கு இது நம் பயிர். 100 கிராமில் 22 கிராம் புரதம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதே 100 கிராமில் 57 கிராம் மாவுச்சத்து இருப்பதை யாரும் சொல்வதில்லை. ஒரு கைப்பிடி கொள்ளில் கடைந்தால் சரி. மாலைக்குப் பெரிய கிண்ணத்தில் சுண்டல் என்றால் கணக்கு மாறிவிடும். அவரைக்காயும் அவரைக்கொட்டையும்கூட ஒன்று அல்ல. பிஞ்சுக் காயை எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடலாம், முற்றிய கொட்டையை எண்ணித்தான் போட வேண்டும்.

சந்தையில் காய்ப் பக்கம் கிடப்பதெல்லாம் காய் இல்லை

வாழைக்காய், உருளை, சேப்பங்கிழங்கு, மக்காச்சோளம் எல்லாம் உழவர் சந்தையில் காயோடு காயாகத்தான் கிடக்கும். தட்டில் அவை சோற்றின் இடத்தில் சேர வேண்டியவை. குச்சிக்கிழங்கு 100 கிராமில் 38 கிராம் மாவுச்சத்து. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வீட்டு வாசலில் விளைகிறது, அவித்துத் தேங்காயோடு கொடுத்தால் யாரும் வேண்டாம் என்பதில்லை, ஆனால் அதைக் காய் என்று எண்ணிச் சாப்பிடக் கூடாது. ஜவ்வரிசி வடகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது அந்தக் கிழங்கின் மாவேதான்.

மறுபக்கம், மண்ணுக்குள் விளைவதையெல்லாம் ஒதுக்குவதும் தவறு. முள்ளங்கியில் 100 கிராமுக்கு நான்கு கிராம்கூட இல்லை. கேரட், பீட்ரூட், வெங்காயம் பத்து கிராமுக்குச் சற்றுக் குறைவு, தாளிக்கவும் துருவித் தூவவும் தாராளமாகப் போடலாம். உருளைக்கிழங்கு இல்லாமல் குருமா எப்படி என்று கேட்பவர்களுக்கு என் பதில் சௌசௌ, இல்லையென்றால் நூல்கோல். ஓசூர், தளி வட்டாரத்துக் காய் வண்டிகளில் இரண்டும் வரும். நூல்கோலை விரல் கனத்தில் நறுக்கி, மிளகாய்த்தூள், கரம் மசாலா பிரட்டி, தோசைக்கல்லில் இரண்டு கரண்டி எண்ணெயில் முறுக விட்டால் உருளை வறுவலின் ஞாபகம் வராது.

புளியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எலுமிச்சை அளவு புளி நான்கு பேருக்குப் பிரிந்தால் ஒன்றும் இல்லை. அந்தக் குழம்பில் கரைக்கிற வெல்லத்தைத்தான் நிறுத்த வேண்டும். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி விலை விழும்போது கூடை கூடையாகத் தொக்குக் கிண்டுவோமே, அதிலும் வெல்லம் வேண்டாம்.

பூவைவிட மேலே இருப்பது அதிகம்

காலிஃபிளவரில் மாவுச்சத்து குறைவு என்று படித்துவிட்டு வீட்டில் கோபி சிக்ஸ்டிஃபைவ் போடுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். அரைக் கிலோ பூவில் நார்ச்சத்தையும் சேர்த்தே 25 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். அதற்குப் பூச கால் கப் கார்ன்ஃபிளவர், கால் கப் அரிசி மாவு என்று எடுத்தால் அதில் மட்டும் 60 கிராமை நெருங்கிவிடும். பூவில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்!

கடலை மாவு நல்லதுதானே என்று மாற்றுவதும் பெரிய மாற்றமில்லை, அதிலும் 100 கிராமுக்கு 58 கிராம் இருக்கிறது. ஒட்டுவதற்கு ஒரு ஸ்பூன் போடலாம், முக்கியெடுக்கும் அளவுக்கு வேண்டாம். நான் செய்வது இப்படி: கெட்டித் தயிர் இரண்டு கரண்டி, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், ஒரு முட்டை. இதில் பூவைப் பிரட்டி, கொரகொரப்பாகப் பொடித்த வேர்க்கடலையில் உருட்டி, இரும்புக் கல்லில் திருப்பித் திருப்பி வேக விடுகிறேன். வேர்க்கடலை சிவந்து மேலே முறுமுறு என்று நிற்கும்.

மாவு ஒளிந்திருக்கிற இன்னொரு இடம் குருமா. கெட்டிப்படுவதற்காகப் பொட்டுக்கடலையை ஒரு கைப்பிடி அரைத்து ஊற்றுகிறோம், அதையும் காய்க் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறோம். தேங்காயும் கசகசாவும், அல்லது தேங்காயும் வேர்க்கடலையும் அரைத்தால் போதும்.

தண்ணீர்தான் கெடுக்கிறது

சோற்றுக்குப் பதிலாகப் பூவைத் துருவிச் செய்கிற காலிஃபிளவர் சாதம் நன்றாக இல்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அதைக் கஞ்சியாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். புழுவுக்குப் பயந்து மஞ்சள் உப்புப் போட்ட வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அப்படியே மிக்சியில் அடித்து, மூடி போட்டு வேகவைத்தால் வேறு எப்படி வரும்? பூ முழுக்கத் தண்ணீர் குடித்திருக்கும். மூடியில் கோத்த நீரும் அதிலேயே சொட்டும்.

பூவைப் பெரிய பெரிய கிளையாக ஒடித்து, வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு, வடித்து, பருத்தித் துணியில் பரப்பி விடுங்கள். அரை மணி நேரமாவது காய வேண்டும். கையால் தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது. அதற்குப் பிறகு துருவியின் பெரிய கண்ணில் துருவுங்கள். மிக்சி என்றால் காய்ந்த ஜாரில், பாதி அளவுக்கு மேல் நிரப்பாமல், விட்டு விட்டு மூன்று சுற்று. அரிசிக் குருணை மாதிரி இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும், இன்னொரு சுற்று விட்டால் மாவாகிவிடும். அகலமான இரும்புச் சட்டியைப் புகை வரும் பதத்துக்குச் சூடாக்கி, எண்ணெய் விட்டு, தாளித்து, துருவலைப் பரப்புங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம், மூடி வேண்டாம். அடுப்பு நல்ல வேகத்தில் இருக்கட்டும். 'சொய்ங்' என்ற சத்தம் குறைந்து ஈர வாடை போய், லேசாகக் கடலை வாசம் போல ஒன்று வரும், நாலைந்து நிமிடத்தில். அப்போதுதான் உப்பு. முதலிலேயே உப்புப் போட்டால் காய் நீரை விட்டுவிடும். இறக்கி எலுமிச்சையோ தேங்காயோ புளிக்காய்ச்சலோ எது வேண்டுமானாலும் கலக்கலாம்.

நான்கு பேருக்கானதை ஒரே சட்டியில் குவிக்காதீர்கள், இரண்டு முறையாகச் செய்யுங்கள். அப்புறம் அந்தப் பூவின் இளந்தண்டையும் இலையையும் குப்பையில் போட வேண்டாம், பொடியாக நறுக்கிப் பூண்டு தட்டிப் போட்டால் நல்ல பொரியல்.

வெண்டைக்காயிலும் இதுதான். கழுவித் துடைத்துவிட்டு நறுக்க வேண்டும், நறுக்கிவிட்டுக் கழுவினால் வழவழப்பு போகாது. பீர்க்கங்காய், சுரைக்காய் தானாகவே நீர் விடும், அதற்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் பிறகு வற்றவில்லையே என்று மாவு கரைத்து ஊற்றுவது எத்தனை வீட்டில் நடக்கிறது!

நாலு மணிப் பசி

சேலத்துத் தட்டுவடை செட் தர்மபுரி வீதிகளுக்கும் வந்து வெகு காலமாகிறது. மாலையில் அந்தக் கடையைத் தாண்டி நடப்பது கஷ்டம், எனக்குத் தெரியும். அதன் ருசி உண்மையில் தட்டைக்குள் இல்லை. பூண்டு போட்ட சிவப்புச் சட்னியிலும், புதினா கொத்தமல்லிப் பச்சைச் சட்னியிலும், மேலே அள்ளிப் போடுகிற துருவலிலும்தான் இருக்கிறது. எனவே தட்டைக்குப் பதில் வெள்ளரிக்காய்.

இளசாக, கெட்டியான வெள்ளரியை அரை விரல் கனத்துக்கு வட்டமாக நறுக்குங்கள். மெல்லியதாக இருந்தால் சட்னி பட்டதும் துவண்டுவிடும். துணியில் ஒற்றி எடுத்து, ஒரு வட்டத்தில் சிவப்புச் சட்னி, ஒன்றில் பச்சை, நடுவில் கேரட் வெங்காயத் துருவல், நிறத்துக்குக் கொஞ்சம் பீட்ரூட், ஒன்றிரண்டாக இடித்த வறுத்த வேர்க்கடலை. மூடிக் கையில் கொடுத்துவிட வேண்டும். பத்து நிமிடம் முன்னால் அடுக்கி வைப்பதுதான் இங்கே தவறு, தட்டெல்லாம் நீர் கோத்துவிடும். சட்னியில் பொட்டுக்கடலையும் சர்க்கரையும் சேர்க்காதீர்கள்.

பாகற்காய்க்கும் கார்ன்ஃபிளவர் தேவையில்லை. காகிதம் போல சீவி, உப்பில் கால் மணி நேரம் வைத்துப் பிழிந்து, மிளகாய்த்தூள் பிரட்டி, சிறு தீயில் பொறுமையாக முறுக விட்டால் போதும். வேர்க்கடலையில் ஒரு எச்சரிக்கை: ஒரு கைப்பிடி, 30 கிராம், ஐந்து கிராம் மாவுச்சத்துதான், ஆனால் 170 கலோரி. தட்டோடு டிவி முன் உட்கார்ந்தால் கால் கிலோ போவது தெரியாது.

மாத்திரையை மறந்துவிட்டுத் தட்டை மாற்றுவது

சமையல் தவறுகளில் இது சேராது, ஆனால் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றையும் களியையும் குறைத்தால், பழைய அளவு மருந்து சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும், மயக்கம்கூட வரும். டபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மருந்து எடுப்பவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் தாமாக இந்த உணவு முறைக்கு மாறக் கூடாது. தட்டை மாற்றுவதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லுங்கள், எவ்வளவு குறைக்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து. நாங்கள் இதைத் தாமதமாகத்தான் கேட்டோம். மூன்றாம் நாள் காலையில் அத்தைக்குப் படபடப்பு வந்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்த பிறகு.

மாத்திரை அளவு சரியான பிறகுதான் தட்டையும் சரி செய்தோம். இப்போது அத்தை மதியத்துக்கு எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய களி உருண்டை ஒன்று வைத்துக்கொள்கிறார். அதைச் சுற்றித் தட்டு முழுக்க, பாதி உப்பும் நிறைய வேர்க்கடலையும் போட்ட அவரைக்காய், நடுவில் ஒரு முட்டை, பக்கத்தில் தயிர். போன ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்குப் போன மாமாவிடம் அவரே சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: "அவரைக்கா பிஞ்சாப் பார்த்து ரெண்டு கிலோ வாங்கிட்டு வாங்க. ஒரு கிலோ பத்தாது."